போஸ்ட்டாக் விசா: எதற்கு முன் எது? ஜே-1 முதல் கிரீன் கார்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் முதல் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு) வேலையில் நான் இருந்தது 14 மாதம். பேராசிரியரின் ஆய்வு நிதி தீர்ந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து அமெரிக்காவிலேயே இன்னொரு ஆய்வகம் கூப்பிட்டது. உடனே சரி என்று எழுதினேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து ஒரு வரிக் கேள்வி வந்தது: "இதற்கு முன் ஜே-1 ஆய்வாளராக இருந்திருக்கிறீர்களா?" இருந்திருக்கிறேன். ஜே-1 என்பது பரிமாற்றத் திட்டத்தில் வரும் ஆய்வாளர்களுக்கான விசா. அப்படியானால் 24 மாதம் கழித்துத்தான் அதே விசாவில் வர முடியும் என்றார்கள். அந்த விசா தரும் ஐந்து ஆண்டு வாய்ப்பில் 14 மாதம்தான் செலவழித்திருந்தேன். மிச்சம் அத்தனையும் நான் வேலையை முடித்துக் கிளம்பியதோடு போய்விட்டது. அங்கே இருக்கும்போதே அடுத்த இடத்தைப் பிடித்து, இடைவெளி விடாமல் பதிவை மாற்றியிருந்தால் மீதி வருடங்கள் அப்படியே கூட வந்திருக்கும். கிளம்பும்போது இதை எனக்குச் சொல்ல யாரும் இல்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு இந்த விதிகளை உட்கார்ந்து படித்தேன், பல பேருக்கு எடுத்தும் சொல்லியிருக்கிறேன். எனக்குப் புரிந்தது இதுதான்: போஸ்ட்டாக் விசாவில் ஒவ்வொரு படியும் அடுத்த ஒரு கதவைத் திறக்கிறது, இன்னொன்றைச் சாத்துகிறது. எந்த விசா நல்லது என்று கேட்பவர்கள் அதிகம். எதற்கு முன் எதைச் செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலானோர் போவது அமெரிக்காவுக்கு என்பதால் இங்கே அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

படி 1: முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஐந்து வருடம் கழித்து எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள்? பேராசிரியர் வேலையா, மருந்து அல்லது தொழில்நுட்ப நிறுவனமா, தாய்நாடு திரும்புவதா? உறுதியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றைத் தற்காலிகமாக எழுதி வையுங்கள். நிறுவன வேலைதான் குறி என்றால் எச்-1பி (வேலைக்கான தற்காலிக விசா) குலுக்கல் எப்போது வருகிறது என்பது உங்கள் நாட்காட்டியில் இருக்க வேண்டும். பேராசிரியர் வேலை என்றால் ஜே-1 ஆய்வாளராக இருந்துகொண்டே டென்யூர் டிராக் (பின்னால் நிரந்தரமாகக்கூடிய பேராசிரியர்) பதவியில் அமர முடியாது என்பது இப்போதே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் திரும்பிவிடுவேன் என்றால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. ஜே-1 போதும்.

படி 2: ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். பேராசிரியருக்கும் துறை நிர்வாகிக்கும் ஒரே மின்னஞ்சலில் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த விசாவில் எடுக்கிறீர்கள்? சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது? நான் பல்கலைக்கழக ஊழியரா, உதவித்தொகை பெறும் ஃபெலோவா? ஓராண்டுக்குப் பின் நிதி தொடருமா?

மூன்றாவது கேள்வி அற்பமாகத் தெரியும், ஆனால் அதில்தான் சிக்கல் இருக்கிறது. எச்-1பி-க்கு முதலாளி, ஊழியர் என்ற உறவு வேண்டும். வெளி அறக்கட்டளையின் உதவித்தொகையில் வாழும் ஃபெலோவுக்கு அந்த உறவைக் காட்டுவது கடினம் என்பதால் பல துறைகள் அவர்களை ஜே-1-இல் மட்டுமே வைத்திருக்கும்.

சம்பளம் பேச ஓர் அளவுகோல்: அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். தன் போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு வைக்கும் அடிப்படைத் தொகை 2024-இல் ஆண்டுக்கு 61,008 டாலர். அனுபவம் கூடக் கூட இது ஏறும். பல பல்கலைக்கழகங்கள் இதையே தரைமட்டமாக வைத்துக்கொள்கின்றன.

படி 3: ஜே-1, எல்லோரும் நுழையும் வாசல்

பல்கலைக்கழகம் டிஎஸ்-2019 என்ற படிவத்தை அனுப்பும். அதை வைத்து 220 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர் பதிவேடு) கட்டணம் கட்டி, டிஎஸ்-160 விசா விண்ணப்பத்தை நிரப்பி, தூதரக நேர்காணலுக்குப் போக வேண்டும். 2025 செப்டம்பர் முதல் குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்கு நேரம் வாங்கச் சொல்கிறார்கள். பக்கத்து நாட்டில் சீக்கிரம் தேதி கிடைக்கிறது என்று ஓடும் பழைய வழியை நம்ப வேண்டாம்.

நேர்காணலுக்குத் தன்விவரம், கட்டுரைப் பட்டியல், ஆய்வைப் பற்றி ஒரு பக்கச் சுருக்கம், பேராசிரியரின் கடிதம் நான்கையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். அணு, விண்வெளி, நுண்ணுயிரி, குறைகடத்தி போன்ற துறைகளில் இருப்பவர்களின் விண்ணப்பம் கூடுதல் சோதனைக்குப் போய் வாரக்கணக்கில் நிற்பது உண்டு. அந்தச் சுருக்கத்தைத் துறைக்கு வெளியே உள்ளவருக்கும் விளங்கும்படி எழுதுங்கள். சாளரத்துக்கு அப்பால் இருப்பவர் உங்கள் துறைக்காரர் அல்ல.

டிஎஸ்-2019-இல் உள்ள தொடக்க நாளுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக நாட்டுக்குள் நுழைய முடியாது. நுழைந்ததும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு ஆய்வாளர் அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். தொடக்க நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவாகாவிட்டால் செவிஸில் உங்கள் பெயர் செல்லாததாகிவிடும். காப்பீட்டுக்கும் கணக்கு உண்டு: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர், உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்ப 25,000, அவசர மருத்துவப் பெயர்ச்சிக்கு 50,000. பல்கலைக்கழகக் காப்பீடு கடைசி இரண்டையும் சேர்க்காமல் விட்டிருக்கலாம். அதைத் தனியாக வாங்கினால் செலவு சொற்பம்தான்.

ஜே-1-இன் பெரிய பலம் குடும்பம். குடும்பத்தினருக்கான ஜே-2-இல் வரும் கணவரோ மனைவியோ ஐ-765 விண்ணப்பம் போட்டு வேலை அனுமதி வாங்கி எங்கும் வேலை செய்யலாம். எச்-1பி குடும்பத்தினருக்கான எச்-4-இல் வருபவருக்கு அது அவ்வளவு எளிதில்லை. எச்-1பி வைத்திருப்பவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருக்க வேண்டும். இருவரும் படித்தவர்களாக இருக்கும் வீட்டில், எந்த விசா என்பதை இந்த ஒன்றே முடிவு செய்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உச்ச வரம்பு ஐந்து ஆண்டு. 24 மாதத் தடையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இன்னொரு பொறி: வேறு பல்கலைக்கழகத்தில் ஒரு நாள் பேசக் கூப்பிட்டு மதிப்பூதியம் தருகிறார்கள் என்றால், போவதற்கு முன்பே உங்கள் அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். காசோலை வந்த பிறகு கேட்டால் அது அனுமதியில்லாத வேலை.

அமெரிக்காவிலேயே பிஎச்டி முடித்தவர்கள் ஜே-1-க்கு அவசரப்பட வேண்டாம். எஃப்-1 மாணவர் விசாவோடு வரும் ஓபிடி (படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி) 12 மாதமும், அறிவியல் துறைகளுக்குக் கூடுதலாக 24 மாதமும் கையில் இருக்கின்றன. அந்த மூன்று வருடத்தைத் தின்றுவிட்டு எச்-1பி-க்குப் போவதே வழக்கமான பாதை. வேலையில்லாமல் இருக்கும் நாள் 90-ஐத் தாண்டக் கூடாது. 24 மாத நீட்டிப்பையும் சேர்த்தால் 150.

படி 4: இரண்டு வருட விதி

ஜே-1 என்றதும் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். குடிவரவுச் சட்டத்தின் 212(இ) பிரிவு. இது உங்களுக்குப் பொருந்தினால், ஜே-1 முடிந்ததும் சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு வருடம் இருந்தாக வேண்டும். அதுவரை எச், எல் விசாக்களும் இல்லை, கிரீன் கார்டும் இல்லை.

யாருக்குப் பொருந்தும்? மூன்று காரணங்கள்: பரிமாற்றத்துக்கென்றே அரசு தந்த பணம் (ஃபுல்பிரைட் உதவித்தொகை நல்ல உதாரணம்), மருத்துவர்களின் முதுநிலைப் பயிற்சி, உங்கள் நாட்டுக்குத் தேவையான துறைகள் என்று அமெரிக்கா வைத்திருக்கும் "திறன் பட்டியலில்" உங்கள் துறை இருப்பது. முதலாவதில் ஒரு தவறான புரிதல் பரவலாக இருக்கிறது. பேராசிரியரின் என்.ஐ.எச். ஆய்வு நிதியிலிருந்து சம்பளம் வருகிறது என்பதாலேயே பொதுவாக விதி ஒட்டாது. அது ஆய்வுக்கான பணம், பரிமாற்றத்துக்கானது அல்ல. மூன்றாவதில் பெரிய மாற்றம் வந்தது 2024 டிசம்பர் 9-இல். இந்தியா, சீனா உள்ளிட்ட பல நாடுகள் திறன் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. முன்பு வந்தவர்களுக்கும் அது செல்லும். பழைய விசா முத்திரையில் "பொருந்தும்" என்று அச்சாகியிருக்கும் ஒருவர், காரணம் திறன் பட்டியல் மட்டும்தான் என்றால், இப்போது விடுபட்டிருப்பார்.

டிஎஸ்-2019-இன் அடியில் தூதரக அதிகாரி நிரப்பும் ஒரு கட்டம் இருக்கிறது. விசா முத்திரையிலும் ஒரு வரி இருக்கும். இரண்டையும் அன்றே படமெடுத்து வையுங்கள். ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், சந்தேகமாக இருந்தால், வெளியுறவுத் துறையிடம் கருத்துரை கேட்கலாம். அதிகாரி போட்ட டிக் இறுதித் தீர்ப்பு அல்ல.

பொருந்துகிறது என்றால் விலக்கு கேட்கலாம். டிஎஸ்-3035 விண்ணப்பம், 120 டாலர், சொந்த நாட்டு அரசின் "ஆட்சேபணை இல்லை" கடிதம். இதிலும் வரிசை முக்கியம்: விலக்குக்குப் பரிந்துரை வந்துவிட்டால் ஜே-1-ஐ அதற்கு மேல் நீட்டிக்க முடியாது. ஆகவே டிஎஸ்-2019-ஐ முடிந்த அளவுக்கு நீட்டித்துவிட்டு, அதற்கப்புறம் விலக்குக்குப் போங்கள். அலுவலகத்தில் சிலர் இதைச் சொல்வார்கள், சிலர் சொல்ல மாட்டார்கள்.

படி 5: எச்-1பி

நிறுவனங்களுக்கு எச்-1பி என்பது குலுக்கல்: ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்க முதுநிலைப் பட்டம் உள்ளவர்களுக்கு மேலும் 20,000. மார்ச்சில் பதிவு, அக்டோபர் 1-இல் வேலை. பல்கலைக்கழகங்களுக்கும், அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற மருத்துவமனைகளுக்கும், லாபநோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்கும், அரசு ஆய்வு அமைப்புகளுக்கும் இந்த உச்சவரம்பு கிடையாது. எந்த மாதமும் மனு போடலாம். மூன்று, மூன்றாக மொத்தம் ஆறு வருடம்.

இதிலிருந்து ஒரு கணக்கு பிறக்கிறது. ஜே-1-இல் ஐந்து, பிறகு எச்-1பி-யில் ஆறு: பதினொரு வருடம். முதல் நாளே எச்-1பி-யில் இறங்கினால் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கும். இப்போது பணமும் சேர்ந்துகொண்டது. 2025 செப்டம்பர் 21-இல் அமலுக்கு வந்த அதிபர் ஆணை, நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடப்படும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டச் சொல்கிறது. பல்கலைக்கழகங்களுக்கும் விலக்கு தரப்படவில்லை. நாட்டுக்குள் இருந்தபடியே விசா நிலையை மாற்றிக்கொள்பவருக்கு இது பொருந்தாது என்று 2025 அக்டோபரில் குடிவரவுத் துறை விளக்கியது. இப்போது மேலே சொன்ன எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்: முதலில் ஜே-1, உள்ளே வந்தபின் எச்-1பி. இந்த வரிசை 212(இ) ஒட்டாதவருக்குத்தான் வசதி. ஒட்டியவர் நாட்டுக்குள் இருந்தபடி மாற முடியாது. இந்த ஆணை நீதிமன்றங்களிலும் அடிபடுகிறது என்பதால், மனு போடும் வாரத்தில் நிலவரம் என்ன என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக எச்-1பி-யில் இருப்பவர் நிறுவனத்துக்குப் போக விரும்பினால் குலுக்கலில் பேர் போட்டுத்தான் ஆக வேண்டும். பலர் "எனக்குத்தான் எச்-1பி இருக்கிறதே" என்று நம்பி ஏமாறுவது இங்கேதான். ஒரு இடுக்கு வழி உண்டு: பல்கலைக்கழக வேலையைப் பகுதிநேரமாகவாவது தொடர்ந்தால், அது நீடிக்கும்வரை நிறுவனம் குலுக்கல் இல்லாமலே இணை எச்-1பி மனு போடலாம்.

படி 6: ஓ-1, பெயரைக் கேட்டு மிரளாதீர்கள்

"அசாதாரணத் திறமை" என்று பெயர் இருப்பதால் நோபல் வாங்கியவர்களுக்கு மட்டும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஓ-1ஏ-வுக்கு எட்டு அளவுகோலில் மூன்றைக் காட்ட வேண்டும்: விருது, ஆய்வுக் கட்டுரைகள், மற்றவர் ஆய்வை மதிப்பிட்ட அனுபவம், துறைக்குப் பெரும் பங்களிப்பு என்று பட்டியல் போகிறது. மூன்றாம் ஆண்டு போஸ்ட்டாக் ஒருவரிடம் இவற்றில் இரண்டு பெரும்பாலும் இருக்கும். குலுக்கல் இல்லை. முதலில் மூன்று வருடம் வரை. 212(இ) இதைத் தடுக்காது. ஆனால் அந்த விதி உள்ளவர் வெளிநாட்டுத் தூதரகத்தில் முத்திரை வாங்கி வர வேண்டும். குறை: உங்களுக்கு நீங்களே மனு போட முடியாது, துணைவருக்கு வேலை அனுமதி இல்லை.

சாட்சியங்களை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். நான் செய்தது: ஒரு கோப்புறை, அதற்குள் ஒவ்வொரு இதழின் மதிப்பாய்வு அழைப்பும் நன்றி மின்னஞ்சலும் பிடிஎஃப் ஆக, கோப்பின் பெயரிலேயே தேதி. பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கு, வேலை முடிந்த பிறகு மூடப்படும். மூன்று வருட மதிப்பாய்வுச் சான்றை அப்படி இழந்துவிட்டு, பதிப்பாசிரியர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நண்பரை எனக்குத் தெரியும்.

படி 7: கிரீன் கார்டு

போஸ்ட்டாக்குகளுக்கு வேலைவாய்ப்பு வழியில் (ஈபி) மூன்று பாதை. ஈபி-1ஏ: அசாதாரணத் திறமை, பத்து அளவுகோலில் மூன்று, நீங்களே மனு போடலாம். ஈபி-1பி: சிறந்த ஆய்வாளர், ஆறில் இரண்டு, மூன்று வருட ஆய்வு அனுபவம், நிரந்தரத் தன்மையுள்ள வேலை தரும் முதலாளி. ஈபி-2 என்.ஐ.டபிள்யூ: நாட்டு நலனுக்காக முதலாளி நிபந்தனையைத் தளர்த்துவது, இதையும் நீங்களே போடலாம். 2016 டிசம்பரின் தனசார் தீர்ப்பு இதற்கு மூன்று கேள்வி வைத்தது. உங்கள் முயற்சிக்கு மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா, அதை முன்னெடுக்கும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா, வேலைவாய்ப்பு நிபந்தனையைத் தளர்த்துவது நாட்டுக்கு நல்லதா. பரிந்துரைக் கடிதங்களில் உங்கள் பேராசிரியருடையதைவிட, உங்களோடு சேர்ந்து எழுதாத, ஆனால் உங்கள் கட்டுரையைப் பயன்படுத்திய ஒருவருடைய கடிதத்துக்கு எடை அதிகம்.

மனு ஏற்கப்பட்டாலும் வரிசை இருக்கிறது. வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 இடம், ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு வரம்பு. எந்த நாடு என்பது பிறந்த இடத்தை வைத்து. குடியுரிமையை வைத்து அல்ல. இந்தியாவில் பிறந்தவருக்கு ஈபி-2 வரிசை பத்தாண்டைத் தாண்டி நீள்கிறது. ஈபி-1 அதைவிட எவ்வளவோ குறைவு. இலங்கையிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்த தமிழர் அந்த இந்திய வரிசையில் நிற்க வேண்டியதில்லை. துணைவர் அப்படிப் பிறந்தவர் என்றால் அவருடைய நாட்டுக் கணக்கில் இருவரும் சேர்ந்துகொள்ளலாம்.

அப்படியானால் இந்தியாவில் பிறந்தவர் என்.ஐ.டபிள்யூ-வை ஏன் போட வேண்டும்? வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதிக்காக. ஐ-140 (குடியேற்ற மனு) ஏற்கப்பட்டதும் மனு போட்ட நாள் உங்களுடையதாகிவிடும். நான்கு வருடம் கழித்து ஈபி-1ஏ கிடைத்தால் பழைய தேதியையே அதற்குக் கொண்டுபோகலாம். எச்-1பி ஆறு வருடத்தைத் தாண்டி நீட்டிக்கவும் அந்த ஐ-140 உதவும்.

ஆனால் ஜே-1-இல் இருக்கும்போது ஐ-140 போடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. திரும்பிப் போகும் எண்ணம் இருக்கிறது என்பது ஜே-1-இன் நிபந்தனை. அடுத்த முறை முத்திரை வாங்கப் போகும்போது டிஎஸ்-160, உங்கள் சார்பில் குடியேற்ற மனு எப்போதாவது போடப்பட்டதா என்று கேட்கும். ஆம் என்று எழுதித்தான் ஆக வேண்டும். பொய் சொன்னால் வாழ்நாள் தடைவரை போகும். எச்-1பி-யில் இந்தச் சிக்கல் இல்லை. வெளிநாட்டுப் பயணமும் முத்திரைப் புதுப்பிப்பும் முடிந்தபின், இல்லாவிட்டால் எச்-1பி-க்கு மாறிய பிறகு ஐ-140 போடுவது நிம்மதி.

படி 8: வேலைப் பாதையும் விசாவும் எங்கே உரசுகின்றன

பேராசிரியர் பாதையில் போஸ்ட்டாக்குகளின் பெரிய சாவி என்.ஐ.எச்.-இன் கே99/ஆர்00 நல்கை: முதல் பகுதி (கே99) போஸ்ட்டாக்காக, அடுத்தது (ஆர்00) பேராசிரியராக. குடியுரிமை கேட்காத சில அரசு நல்கைகளில் இது ஒன்று. (என்.ஐ.எச்.-இன் இன்னொரு போஸ்ட்டாக் உதவித்தொகையான எஃப்32 அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். பலர் விண்ணப்பத்தில் பாதி எழுதிய பிறகுதான் கவனிக்கிறார்கள்.) விண்ணப்பிக்கும்போது போஸ்ட்டாக் அனுபவம் நான்கு வருடத்தைத் தாண்டக் கூடாது. மறுவிண்ணப்பத்துக்கும் இடம் வேண்டும் என்பதால் இரண்டாம் ஆண்டு முடிவிலேயே முதல் முயற்சி. கே99 காலத்தை ஜே-1-இல் கழிக்கலாம். ஆர்00 டென்யூர் டிராக் பதவியில் என்பதால் அதற்குள் எச்-1பி-யோ ஓ-1-ஓ தயாராக வேண்டும். வேலையைக் கொடுக்கும் பல்கலைக்கழகம் கற்பிக்கும் பதவிக்கென உள்ள சிறப்பு வழியில் கிரீன் கார்டும் தொடங்கலாம். உங்களைத் தேர்ந்தெடுத்த 18 மாதத்துக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்தம் பேசும்போதே யார் கட்டணம், எந்த மாதம் என்று கேளுங்கள்.

வெளியிலிருந்து வருபவர்களுக்கும் திறந்த உதவித்தொகைகளில் எச்.எஃப்.எஸ்.பி. (உயிர் அறிவியல்), டேமன் ரன்யன் (புற்றுநோய் ஆய்வு) இரண்டையும் பாருங்கள்.

நிறுவனப் பாதை என்றால் மார்ச் மாதக் குலுக்கலே உங்கள் வருடத்தின் மையம். பதிவு செய்ய மார்ச்சுக்கு முன்பே வேலை கையில் இருக்க வேண்டும். அதாவது இலையுதிர் காலத்திலேயே நேர்காணல்கள். குலுக்கலில் விழாதவர்களுக்கு ஓ-1 இரண்டாம் வழி.

அதிகம் பேசப்படாத பாதை ஒன்று: பல்கலைக்கழகத்திலேயே ஸ்டாஃப் சயின்டிஸ்ட், அல்லது நுண்ணோக்கி, மரபணு வாசிப்பு போன்ற பொது ஆய்வு வசதிகளின் மேலாளர். குலுக்கல் இல்லாத எச்-1பி, ஓரளவு நிலையான சம்பளம், நல்கை எழுதும் அழுத்தம் குறைவு. கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தாய்நாடு திரும்பும் இந்தியர்களுக்கு உயிர்த்தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசுவாமி மறுநுழைவு ஃபெலோஷிப் ஐந்தாண்டு தருகிறது.

அமெரிக்கா மட்டுமா?

இல்லை. பிரிட்டனின் குளோபல் டேலன்ட் விசா 2020 பிப்ரவரியில் வந்தது. ராயல் சொசைட்டி போன்ற அமைப்பு ஒப்புதல் தந்தால் ஒரே முதலாளியைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. ஸ்கில்டு வொர்க்கர் போன்ற வேறு விசாவில் போனால் சில அறிவியல் துறைகளுக்கு முன்கூட்டியே ஏடாஸ் (பாதுகாப்புச் சோதனை) சான்றிதழ் வேண்டியிருக்கும். ஐரோப்பாவின் மேரி கியூரி போஸ்ட்டாக் நல்கைக்குப் பிஎச்டிக்குப் பின் எட்டு வருட ஆய்வு அனுபவமே உச்சம். கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல், ஆய்வு செய்யப்போகும் நாட்டில் இருந்திருக்கவும் கூடாது. அந்த நாட்டுக்கு முதலில் வேறு வேலையில் போய்விட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று நினைப்பவர்களை வெளியே தள்ளுவது இந்த விதிதான். ஜெர்மனியில் பிஎச்டிக்குப் பின் தற்காலிக ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக ஆறு வருட வரம்பு, மருத்துவத்தில் ஒன்பது.

கடைசி ஆறு மாதம்

ஜே-1 முடிந்தபின் 30 நாள் சலுகைக் காலம். அதில் வேலை செய்யக் கூடாது. வெளியே போனால் அதே நிலையில் திரும்ப முடியாது. எச்-1பி-யிலும் ஓ-1-இலும் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். புதிய மனு அதற்குள் தாக்கலாக வேண்டும், வக்கீலைத் தேட ஒரு மாதம் போய்விட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். டிஎஸ்-2019 முடியும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே நீட்டிப்பா, இடமாற்றமா, எச்-1பி-யா என்று துறையிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பழைய டிஎஸ்-2019 எதையும் தூக்கி எறியாதீர்கள். நீட்டிப்புக்கு ஒன்று, முகவரி மாற்றத்துக்கு ஒன்று என்று ஏழெட்டுச் சேர்ந்துவிடும், குப்பையாகத்தான் தெரியும். பல வருடம் கழித்து ஐ-485 (கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பம்) போடும்போது வக்கீல் முதலில் கேட்பது அத்தனையையும்தான். என்னுடையதில் இரண்டாவது ஒன்று காணாமல் போய், அதன் நகலுக்காகப் பழைய பல்கலைக்கழகத்துக்கு ஏழு மின்னஞ்சல் அனுப்பினேன்.